வாய்தாவுக்கு முன்னால் பிறந்த தேதியைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறோம். என் மகனுக்கு 21 வயது, பெயிண்டிங் வேலை. பொங்கலுக்கு முந்தின வாரம் நாயுடுபேட்டையில் வேலை முடித்து, கூட வேலை பார்த்த ஒருவனோடு பஸ்ஸில் திரும்பும்போது, தடா செக்போஸ்ட்டில் ஆந்திர போலீஸ் இறக்கினார்கள். சீட்டுக்கு அடியில் இருந்த பையில் கஞ்சா இருந்ததாம். கூட வந்தவன் ஓடிவிட்டான். 1 கிலோ 150 கிராம் என்று எழுதியிருக்கிறார்கள். தெலுங்கில் இருந்த தாள்களில் மகன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். 43 நாளாக நெல்லூர் சிறையில் இருக்கிறான். கோர்ட் வாசலில் ஒருவர், “முப்பதாயிரம் கொடுங்க, ஒரு கிலோவுக்குக் கீழே காட்டி, ஒப்புக்கவெச்சு, அபராதத்தோட வெளியே கொண்டுவந்துடலாம்” என்கிறார். ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவார்களா? சிறப்பு முகாமில் அடைத்துவிடுவார்கள், இலங்கைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று இங்கே எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நான் பிறந்ததே மண்டபம் முகாமில், 1985 பிப்ரவரியில். மகன் 2004 செப்டம்பரில் பொன்னேரி அரசு மருத்துவமனையில் பிறந்தவன். மகள் 2009-இல் பிறந்தவள். அவர்கள் அப்பா 1990-இல் மன்னாரிலிருந்து வந்தவர். நானும் பிள்ளைகளும் இலங்கையைப் பார்த்ததுகூட இல்லை.
— ஒரு தாய், கும்மிடிப்பூண்டி

பதில்:

அம்மா, முதலில் அந்த முப்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் போகட்டும், ஆனால் மகனை எதையும் ஒப்புக்கொள்ள விடாதீர்கள். அடுத்த வாய்தாவில் நீதிபதி கேட்டால், “நான் குற்றம் செய்யவில்லை, எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது, தமிழில் சொல்லுங்கள்” என்ற இரண்டு வரி போதும். இதை நெல்லூருக்கு மனு பார்க்கப் போகும்போது அவனிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்றால், இந்த வழக்கு முழுக்க அந்த 150 கிராமில்தான் நிற்கிறது. போதைப்பொருள் சட்டம் 1985-இல் வந்தது. அதில் கஞ்சாவுக்கு இரண்டு எல்லைக்கோடுகள். ஒரு கிலோவுக்குக் கீழே ‘சிறிய அளவு’, அதிகபட்சம் ஓராண்டு சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் ‘வணிக அளவு’, அதற்குக் குறைந்ததே பத்தாண்டு. நடுவில் இருப்பது எல்லாம் பத்தாண்டு வரை போகலாம், அபராதம் ஒரு லட்சம் வரை. உங்கள் மகனின் கணக்கு 1,150 கிராம். அதாவது நடு அளவின் வாசற்படியில் நிற்கிறான். ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் மாஜிஸ்திரேட் விசாரிக்கும் சின்ன வழக்கு. மேலே போனால் சிறப்பு நீதிமன்றம்.

அந்த எடையைக் குறைத்துக் காட்ட எந்த வக்கீலுக்கும், எந்தத் தரகருக்கும் அதிகாரம் இல்லை. எழுதியது போலீஸ், குற்றப்பத்திரிகை போடுவதும் போலீஸ். எடை மாறாமல் ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்? ஏழாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்கு, தண்டனையைக் குறைத்துக்கொண்டு ஒப்புக்கொள்ளும் பேர வழியே சட்டத்தில் கிடையாது. நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள், நீதிபதி தனக்குச் சரி என்று படும் தண்டனையைக் கொடுப்பார். வாசலில் நிற்கிறவர் அப்போது உங்கள் போனை எடுக்கமாட்டார்.

ஆனால் எடையை நேர்வழியில் கேள்வி கேட்கலாம், கேட்டே ஆக வேண்டும். பஞ்சநாமாவில், அதாவது பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய தாளில், 1 கிலோ 150 என்றால், அது எதனோடு சேர்த்து? பழுப்பு டேப் சுற்றிய பொட்டலமா, பாலித்தீன் உறையோடா, துணிப்பையோடா? சட்டம் கஞ்சா என்று சொல்வது பூவும் காயும் விட்ட நுனிப் பகுதியை. அந்த நுனி சேராத வெறும் இலையும் விதையும் கஞ்சா கணக்கில் வராது. ஆய்வகத்துக்குப் போன மாதிரியைப் பற்றி அறிக்கை என்ன சொல்கிறது, மீதிப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று யார் பார்த்தார்கள்? 2022 டிசம்பரில் வந்த விதிகளின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் மாதிரி எடுக்க வேண்டும். கஞ்சா என்றால் ஒரு மாதிரிக்கு 24 கிராம். பட்டியல் போட்டு, போட்டோ எடுத்து, மாஜிஸ்திரேட் சான்று தர வேண்டும். இதைச் சரியாகச் செய்யாததால் உச்ச நீதிமன்றம் வரை போய் விடுதலையான வழக்குகள் உண்டு. ஆனால் 2025-இல் அதே நீதிமன்றம், இந்தக் குறை ஒன்றுக்காக மட்டுமே வழக்கு தானாக விழுந்துவிடாது என்றும் சொல்லிவிட்டது. அதனால் இதை ஒற்றைக் கயிறாகப் பிடித்துத் தொங்கக் கூடாது. ஆனால் 150 கிராம் வித்தியாசத்தில் நிற்கும் வழக்கில் தராசைப் பற்றிய ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பு இருக்கிறது.

உங்களுக்கு யாராவது, “சோதனை போடும்போது கெஜட்டட் ஆபீசர் இல்லை, கேஸ் உடைஞ்சுடும்” என்று சொல்லியிருப்பார்கள். 50-ஆம் பிரிவைச் சொல்கிறார்கள். அது உடலைச் சோதிப்பதற்கு மட்டும். பையில் எடுத்ததற்கு அது பொருந்தாது என்று 2005-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

இப்போது அந்தத் தெலுங்குத் தாள்கள். நான் பொன்னேரியில் 22 வருடமாக வக்கீல் தொழில் பார்க்கிறேன். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் தெலுங்கு பேசுவோம், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆந்திரப் பக்கம் பதிவான வழக்கு வந்தால் சூலூர்ப்பேட்டையில் இருக்கும் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு வரி வரியாகப் படிக்கச் சொல்வேன். அந்த ஊர் நடைமுறையில் இரண்டு ‘மத்தியவர்த்திகள்’ (சாட்சிகள்) முன்னால், பெரும்பாலும் அந்தப் பகுதி வி.ஆர்.ஓ.க்கள் (கிராம வருவாய் அலுவலர்கள்) முன்னால், ஒரே தாளில் வாக்குமூலமும் கைப்பற்றிய விவரமும் சேர்த்து எழுதிவிடுவார்கள். “விசாகப்பட்டினம் ஏஜென்சிப் பகுதியிலிருந்து வாங்கி வந்தேன், சென்னையில் விற்க” என்று அச்சடித்த மாதிரி ஒரு வாக்கியம் இருக்கும். உங்கள் மகன் கையெழுத்துப் போட்ட தாளிலும் அது இருக்கலாம். பயப்படாதீர்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், போதைப்பொருள் சட்டத்தின் அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலமும் செல்லாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அத்தோடு, கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரிலும் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. மகனுக்குத் தமிழில் ஏதாவது கொடுத்தார்களா என்று கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் அதை ஜாமீன் மனுவில் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

பை யாருடையது என்பதுதான் வழக்கின் உயிர். இந்தச் சட்டத்தில் ஒரு கடுமை இருக்கிறது. பொருள் உன்னிடம் இருந்தது என்று நிரூபணமானால், தெரிந்துதான் வைத்திருந்தாய் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். இல்லை என்று காட்டும் பாரம் குற்றம்சாட்டப்பட்டவர் தலையில். ஆனால் ‘உன்னிடம் இருந்தது’ என்பதை முதலில் அரசுத் தரப்புதான் சந்தேகமில்லாமல் நிரூபிக்க வேண்டும். 2008-இல் இதைத் தெளிவாகச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் விடுதலையானவர் யார் தெரியுமா? அமிர்தசரஸ் விமான நிலையத்தில் ஹெராயினோடு பிடிபட்டதாகச் சொல்லப்பட்ட ஆப்கானிஸ்தான்காரர். வெளிநாட்டவர் என்பதால் சட்டம் அவருக்கு மட்டும் வேறாக இருக்கவில்லை.

ஆக, சும்மா “எனக்குத் தெரியாது” என்றால் போதாது. மகனின் சொந்தப் பையில் என்ன இருந்தது? பிரஷ், பட்டி போடும் தகடு, பெயிண்ட் அப்பிய சட்டை இருந்திருந்தால் அதுவும் பஞ்சநாமாவில் ஏறியிருக்கிறதா? பஸ் டிக்கெட் இரண்டு பேருக்கும் ஒன்றா, தனித்தனியா? நாயுடுபேட்டையில் வேலை கொடுத்த மேஸ்திரி கூலியை ஜிபேயில் அனுப்பினாரா? அந்த ஸ்கிரீன்ஷாட்டை இன்றே பத்திரப்படுத்துங்கள். செக்போஸ்ட்டில் கேமரா இருந்திருந்தால் அந்தப் பதிவு மாதக்கணக்கில் இருக்காது, மேலே மேலே பதிந்து அழிந்துவிடும். அதைப் பாதுகாக்கச் சொல்லியும், இரண்டு பேரின் போன் கோபுர விவரங்களை வாங்கச் சொல்லியும் மனு போட இனியும் தாமதிக்க முடியாது. ஓடிப்போனவன் பெயர் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டு பேர் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில் இருந்த பையை ஒருவன் கணக்கில் மட்டும் எழுதியிருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும்.

ஜாமீன். வணிக அளவு வழக்கில் 37-ஆம் பிரிவு பூட்டுப் போட்டுவிடும். உங்கள் மகனுக்கு அந்தப் பூட்டு இல்லை, சாதாரண ஜாமீன் கணக்குத்தான். இந்நேரம் கிடைத்திருக்க வேண்டியது. கிடைக்காததற்குக் காரணம், ‘இலங்கைக்காரன், ஓடிவிடுவான்’ என்று அரசுத் தரப்பு சொல்லியிருப்பார்கள். அதற்குப் பதில் உங்கள் முகாம் பதிவேடுதான். பிறந்தது முதல் 21 வருடமாக ஒரே பதிவேட்டில் தலைக்கணக்கு எடுக்கப்பட்டவனைவிட நிலையான விலாசம் யாருக்கு இருக்கிறது? தாசில்தாரிடம் அந்தச் சான்றை வாங்கிக் கொடுங்கள். தூதரகத்தில் சான்று வாங்கி வா என்று கேட்டால், அது எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அகதிக் குடும்பத்தை அந்த நாட்டுத் தூதரகத்தின் வாசலில் நிறுத்துவது எவ்வளவு பொருந்தாதது என்று வக்கீல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்பார்கள். தடா தாண்டினால் உங்களுக்கு யாரைத் தெரியும்? பாலக்காட்டில் பிறந்த நீதிபதி கிருஷ்ணய்யர் 1978-லேயே இதற்கு விடை எழுதிவைத்தார். ஒரு கொத்தனாரின் வழக்கு அது. ஜாமீன்தாரரான சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். தமிழனோ ஆந்திரக்காரனோ தூரத்து ஊரில் பிடிபட்டால் அந்த ஊர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று அந்தத் தீர்ப்பில் கேட்டிருக்கிறார். கும்மிடிப்பூண்டி ஜாமீன்தாரரை நெல்லூரில் ஏற்க மறுத்தால் அந்தத் தீர்ப்பைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, 60-ஆவது நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் அவன் உரிமை. வணிக அளவுக்கு இது 180 நாள், அதைச் சொல்லி உங்களைக் குழப்பினால் ஏமாறாதீர்கள். 43 ஆகிவிட்டது. மனுவை எழுதித் தயாராக வைத்து, 61-ஆம் நாள் காலையில் கோர்ட் திறந்ததும் போட வேண்டும். மதியம் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், மனு போடாதவருக்கு அந்த உரிமை போய்விடும்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தரகரிடம் போயிருக்கிறீர்கள் என்று புரிகிறது. காவலில் இருக்கிற எவருக்கும், வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் வருடச் சட்டம் அது. 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது சிறையிலிருந்தே மகன் நெல்லூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்துக்கு மனு எழுதட்டும்.

சரி, உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன்.

ஊர்க்காரப் பையன் ஒருவன் சின்னக் கஞ்சா வழக்கில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், பெயர் கெடும், வேலைக்குச் சிக்கல் வரும், ஆனால் வீட்டுக்குப் போவான். அரசின் பதிவேட்டில் வெளிநாட்டவராக இருப்பவருக்கு அங்கேதான் இரண்டாவது வழக்கு தொடங்குகிறது. அதில் நீதிபதி கிடையாது, அரசாணை மட்டும். பல வருடங்களுக்கு முன்னால் என்னிடம் வந்த ஒரு குடும்பம், மகன் விடுதலையாகிறான் என்று சிறை வாசலில் புதுச் சட்டையோடு காத்திருந்தது. வாசலுக்கு உள்ளேயே வெளிநாட்டவர் சட்டத்தின்படி ஓர் உத்தரவைக் கையில் கொடுத்து, திருச்சி கொட்டப்பட்டு சிறப்பு முகாமுக்கு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அந்தச் சட்டையை அம்மா மடித்துத் திரும்பப் பையில் வைத்ததை நான் பார்த்தேன். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு என்று சொன்ன வக்கீல், இப்படி ஒன்று வரும் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அமெரிக்காவில் கஞ்சா கடத்தியதாக ஒப்புக்கொண்ட ஒரு லாரி ஓட்டுநரின் வழக்கில், ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படுவாய் என்று முன்கூட்டியே சொல்வது வக்கீலின் கடமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்த்தது. வியட்நாம் போரில் அமெரிக்காவுக்காகப் போனவர், நாற்பது வருடமாக அங்கேயே வாழ்ந்தவர் அவர். இங்கே அந்தக் கேள்வியை நீங்கள்தான் ஒவ்வொரு வக்கீலிடமும் முதலில் கேட்க வேண்டும்: “தண்டனை வந்தால் இவன் இந்த நாட்டில் இருக்க முடியுமா?”

வெளிநாட்டவருக்கான இப்போதைய சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. பழைய 1946-ஆம் வருட வெளிநாட்டவர் சட்டம் போய்விட்டது. புதிய உத்தரவில், போதைப்பொருள் கடத்தலில் தண்டனை பெற்ற வெளிநாட்டவருக்கு இங்கே தங்க அனுமதி மறுக்கலாம் என்று இருக்கிறது. அதே சமயம், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக வழக்குப் போடமாட்டோம் என்றும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். முகாமில் பலர் அந்த விலக்கைப் பெரிய பாதுகாப்பாக நினைக்கிறார்கள். பாஸ்போர்ட் குற்றத்துக்கு மட்டும்தான் அது, கஞ்சா வழக்கில் கைகொடுக்காது. 2025 மே மாதம், வேறு வகைக் குற்றத்தில் ஏழாண்டு சிறை முடித்த ஓர் இலங்கைத் தமிழர், மனைவி மக்கள் இங்கே இருக்கிறார்கள், அனுப்பாதீர்கள் என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். ஏற்கவில்லை. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை அம்மா. தண்டனை வந்த பிறகு வாதாட இடம் மிகக் குறைவு, இப்போது நிறைய இருக்கிறது.

அந்த இடம் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் இருக்கிறது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் தலைப்புச் செய்தி.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் மூன்றாம் பிரிவின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். தூதர்கள் பிள்ளைகள் மாதிரிச் சில விலக்குகளைத் தவிர. நீங்கள் மண்டபத்தில் பிறந்தது 1985 பிப்ரவரி. அப்படியானால் நீங்கள் அகதியே அல்ல, இந்தியர். இது என் கற்பனை அல்ல. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அவர் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டும் போட்டார்.

அடுத்த கட்டம்: 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ, 2004 டிசம்பர் 3-க்கு முன்னால் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். உங்கள் மகன் 2004 செப்டம்பர். இரண்டரை மாத இடைவெளியில் அவனும் இந்தியன். இந்தியனை நாடு கடத்த முடியாது, வெளிநாட்டவர் சட்டத்தில் சிறப்பு முகாமில் வைக்கவும் முடியாது. மகள் 2009 என்பதால் அவளுக்கு வேறு கணக்கு. அந்தத் தேதிக்குப் பிறகு, ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. அவள் அப்பா படகில் வந்தவர் என்பதால் சிக்கல் வரும். அவள் விஷயத்தைத் தனியாகப் பார்ப்போம்.

இதை அரசு உடனே ஒப்புக்கொள்ளாது. 40 வருடமாக உங்கள் பெயர் இலங்கையர் பதிவேட்டில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டியிருக்கும். உங்களிடம் இரண்டு விஷயங்களை உண்மையாகக் கேட்கிறேன். இடையில் எப்போதாவது இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்தீர்களா, அல்லது தூதரகத்தில் குடியுரிமைப் பத்திரம் வாங்கினீர்களா? விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்திருந்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும், அதை வக்கீலிடம் மறைக்கக் கூடாது. இரண்டாவது, இந்தியர் என்று நிலைநாட்டினால் முகாம் வீடு, உதவித்தொகை என்ன ஆகும் என்ற பயம் உங்களுக்கு வரும். நியாயமான பயம். குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். என்னைக் கேட்டால், மகனுக்காக இந்த வழியில்தான் போகச் சொல்வேன்.

அதுவரை, ரிமாண்ட் அறிக்கையில் ‘நாட்டினம்: இலங்கை’ என்று எழுதியிருந்தால், அது போலீஸ் எழுதியது, தான் சொன்னதல்ல என்று மகன் தரப்பில் பதிவாக வேண்டும். இனி அந்த வார்த்தை உள்ள எந்தத் தாளிலும் அவன் கையெழுத்துப் போடக் கூடாது. தலைக்கணக்கில் அவன் இல்லாததற்குக் காரணத்தை, ரிமாண்ட் நகலோடு தாசில்தாருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், சொல்லாமல் போய்விட்டான் என்று பெயரை அடித்துவிடக் கூடாது. ஜாமீனில் வாரம் ஒருநாள் தடாவில் கையெழுத்துப் போடச் சொன்னால், அந்த உத்தரவையே முகாமில் கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு அனுப்ப வேண்டியது: எஃப்.ஐ.ஆர், பஞ்சநாமா, ரிமாண்ட் அறிக்கை, மகனின் பிறப்புச் சான்று. போனில் எடுத்த படம் போதும், தெலுங்கில் இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் பிறப்புச் சான்றுதான் கஷ்டம். மண்டபத்தில் அந்த வருடப் பிறப்புப் பதிவேட்டைத் தேட வேண்டும். இல்லை என்றால் கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு மனு, கூடவே பள்ளி டி.சி., ஞானஸ்நானம் எடுத்திருந்தால் கோவில் பதிவு. மண்டபத்துக்குப் போகும்போது உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வரிசையில் எந்த வீடு, பிரசவம் பார்த்தது யார் என்று சொல்ல அவர் ஒருவர்தான் இருக்கிறார்.